சாவி யார் பாக்கெட்டில்?

என் இடது கை மோதிர விரலின் நுனி கொஞ்சம் சப்பையாக இருக்கும். நகம் பாதிதான் வளரும், அதுவும் கோணலாக. யாராவது கேட்டால் கதவிடுக்கில் மாட்டிக்கொண்டது என்று சொல்லிவிடுவேன், ஏனென்றால் உண்மையைச் சொன்னால் இருபது வருடமாக மெக்கானிக் வேலை பார்க்கிறவனுக்கு அது மானக்கேடு. அது மாட்டியது ஒரு பொக்லைனின் ஏசி பெல்ட்டுக்கும் புல்லிக்கும் நடுவில்.

கிருஷ்ணகிரிப் பக்கம் ஒரு கல் குவாரி, சித்திரை வெயில், இருபது டன் வண்டி. (பொக்லைன் என்பது பிரான்ஸ் நாட்டுக் கம்பெனி ஒன்றின் பெயர். எங்கள் பக்கம் எந்தக் கம்பெனி வண்டி வந்தாலும் அது பொக்லைன்தான், மாற்ற முடியாது.) ஏசி குளிரவில்லை, இன்ஜினும் சூடேறுகிறது என்று ஓனர் என்னைத் தனியாகவும் ஏசி மெக்கானிக் ஒருவரைத் தனியாகவும் கூப்பிட்டிருந்தார். நாங்கள் இரண்டு பேரும் அதற்கு முன்னால் பார்த்துக்கொண்டதுகூட இல்லை. அவர் கேபினுக்குப் பக்கத்தில் கேஜ் மாட்டிக்கொண்டிருந்தார். நான் பின்னால் பானட்டைத் தூக்கிவிட்டு, பெல்ட் லூஸாக இருக்கிறதா என்று விரலை விட்டு அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தேன். கேபினில் இருந்து பார்த்தால் பின்னால் நிற்கிற ஆள் தெரியாது. பக்கத்தில் இன்னொரு வண்டி பிரேக்கர் போட்டுக் கல்லை உடைத்துக்கொண்டிருந்ததால் ஒருவர் பேசுவது ஒருவருக்குக் கேட்காது. ஏசிக்காரருக்கு வண்டி ஓடினால்தான் பிரஷர் பார்க்க முடியும். அவர் ஆப்பரேட்டரைப் பார்த்து, "தம்பி, ஸ்டார்ட் பண்ணு" என்றார். அவனும் பண்ணினான்.

அன்றைக்குக் காலையில்தான் "பேட்டரி வீக்கா இருக்கு, இதைக்கூட மாத்த மாட்டீங்களா" என்று நான் ஓனரிடம் சத்தம் போட்டிருந்தேன். அந்த வீக் பேட்டரிதான் என் கையைக் காப்பாற்றியது. செல்ஃப் அரைச் சுற்று சுற்றி "டக்"கென்று நின்றுவிட்டது. அரைச் சுற்றுக்கே விரல் நுனி நசுங்கிவிட்டது. இன்ஜின் பிடித்திருந்தால் மணிக்கட்டு வரை போயிருக்கும்.

இதில் யார் மேல் தப்பு என்று வெகுநாள் யோசித்திருக்கிறேன். ஆப்பரேட்டர் சொன்னதைச் செய்தான். ஏசிக்காரர் அவர் வேலையைப் பார்த்தார். சாவி வண்டியிலேயே தொங்கிக்கொண்டிருந்தது, அதைத் தொங்கவிட்டவன் நான். அன்றிலிருந்து பானட்டைத் திறக்கும் முன்னால் சாவியை உருவி என் பாக்கெட்டில் போட்டுக்கொள்வேன். பேட்டரி இணைப்பையே துண்டிக்கிற ஐசோலேட்டர் சுவிட்ச் இருந்தால் அதையும் அணைத்துவிட்டு ஒரு பூட்டு. ஸ்டியரிங்கிலோ லிவரிலோ ஒரு அட்டை கட்டிவிடுவேன்: "ஆள் வேலை செய்கிறார், ஸ்டார்ட் செய்யாதீர்". இரண்டு பேர் வேலை பார்த்தால் இரண்டு பூட்டு, மூன்று பேருக்கு மூன்று. கடைசி ஆள் தன் பூட்டைக் கழற்றுகிற வரை வண்டி உயிர் பெறக் கூடாது. பெரிய ஆலைகளில் இதை லாக் அவுட், டேக் அவுட் என்பார்கள். அமெரிக்காவில் 1989-இலேயே சட்டமாகக் கொண்டுவந்துவிட்டார்கள். நம் ஊரில் 1948-ஆம் வருடத் தொழிற்சாலைகள் சட்டத்தின் 22-ஆம் பிரிவிலேயே, ஓடுகிற இயந்திரத்தின் பக்கத்தில் போய் வேலை பார்ப்பவர் பயிற்சி பெற்றவராக இருக்க வேண்டும், உடம்போடு ஒட்டிய உடை போட்டிருக்க வேண்டும், அந்த உடையை முதலாளிதான் கொடுக்க வேண்டும் என்று எழுதி வைத்திருந்தார்கள். நான் தொழில் கற்றுக்கொண்ட காலத்தில் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டுதான் ஃபேனுக்குப் பக்கத்தில் குனிந்தோம். உடையை எந்த முதலாளியும் கொடுக்கவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

இதை இப்போது உட்கார்ந்து எழுத ஒரு காரணம் உண்டு. மொத்த எடை மூன்றரை டன்னுக்கு மேற்பட்ட லாரிகளுக்கு, 2025 அக்டோபர் 1 முதல் தயாராவதற்கெல்லாம், ஏசி கேபின் கட்டாயம் என்றாகிவிட்டது. டிரைவர்களுக்கு நல்ல காலம், எனக்கு அதில் சந்தோஷம்தான். ஆனால் சங்ககிரி, நாமக்கல் பக்கத்துப் பட்டறைகளில் இதுவரை இன்ஜினையும் கியர் பாக்ஸையும் மட்டும் பார்த்த பையன்கள் இனிமேல் ஏசி கேஸ் ஏற்றவும் இறக்கவும் போகிறார்கள். டீசல் வேலையில் என்னென்ன ஆபத்து என்று அவர்களுக்குக் கை பழகியிருக்கும். ஏசி வேலையின் ஆபத்து வேறு மாதிரி, கண்ணுக்குத் தெரியாது, வாசமும் வராது. எனக்கே அது புரிய நாளாயிற்று.

முதலில் எங்கள் பக்கத்து வேலையைச் சொல்லிவிடுகிறேன். வண்டி நின்றுவிட்டது என்றால் அடங்கிவிட்டது என்று அர்த்தம் கிடையாது. பூமை, அதாவது பக்கெட்டைத் தாங்குகிற நீண்ட கையை, தூக்கி வைத்து நிறுத்தியிருந்தால் அந்த டன் கணக்கான இரும்பு முழுவதும் சிலிண்டருக்குள் இருக்கிற எண்ணெயின் மேல் உட்கார்ந்திருக்கிறது. அந்த நிலையில் ஒரு ஹோஸைக் கழற்றினால் பூம் கீழே வரும், யாருக்காகவும் காத்திருக்காது. அதனால் பக்கெட்டை மண்ணில் பதித்து வைத்த பிறகுதான் ஸ்பேனரை எடுக்க வேண்டும். அப்புறம் இன்ஜினை நிறுத்தி, சாவியை மட்டும் ஆனில் வைத்து, எல்லா லிவரையும் நாலு பக்கமும் சில தடவை ஆட்டி, லைனில் மிச்சம் இருக்கிற பிரஷரை இறக்க வேண்டும். ஹைட்ராலிக் டேங்க் மூடியில் இருக்கிற காற்றையும் விட வேண்டும். ஜேசிபி மாதிரி வண்டிகளில் முன்னால் தூக்கி நிற்கும் லோடர் கைக்கு முட்டுக் கொடுக்க ஒரு இரும்புத் தாங்கி வண்டியோடேயே வரும். பல வண்டிகளில் அது ஓனர் வீட்டுப் பரணில் கிடக்கிறது. கேட்டால், "அது எதுக்குப்பா, இடைஞ்சலா இருந்துச்சு, கழட்டி வெச்சுட்டேன்" என்பார்கள்.

எண்ணெய்க் கசிவை விரலால் தேடுவது. இதுதான் எனக்குத் தெரிந்து எங்கள் தொழிலில் மிக மோசமான பழக்கம், அதைத்தான் எல்லாரும் செய்கிறோம். மோட்டார் சைக்கிள் டயரில் இருப்பது சுமார் 2 கிலோ காற்று. (கிலோ என்று நாங்கள் சொல்வது ஒரு சதுர சென்டிமீட்டர் மேல் எத்தனை கிலோ அழுத்துகிறது என்ற கணக்கு.) இருபது டன் பொக்லைனின் ஹைட்ராலிக் லைனில் 350 கிலோ வரை போகும். புது மாதிரி டீசல் இன்ஜினில் டீசலை அழுத்தத்தில் தேக்கி வைக்கிற காமன் ரெயில் குழாயில் 1,600 கிலோவுக்கு மேல். மனிதத் தோலைத் துளைக்க 7 கிலோ அளவு அழுத்தமே போதும் என்கிறார்கள். ஹோஸில் குண்டூசி முனை அளவு ஓட்டை விழுந்தால் எண்ணெய் அதிலிருந்து ஒழுகாது, ஊசி மாதிரிப் பாயும், பல நேரம் கண்ணுக்கே தெரியாது.

என்னிடம் வேலை பார்த்த ஒரு பையன், பெயர் வேண்டாம், கையில் பனியன் வேஸ்ட்டைச் சுருட்டிக்கொண்டு ஓடுகிற வண்டியில் ஹோஸை மேலிருந்து கீழாகத் துடைத்துக்கொண்டே வந்தான். திடீரென்று கையை உதறினான். "என்னடா?" என்றேன். "ஒண்ணுமில்லீங்ண்ணா, முள்ளுக் குத்துன மாதிரி இருந்துச்சு" என்றான். ஆள்காட்டி விரலில் ஒரு சிவப்புப் புள்ளி, அவ்வளவுதான். ரத்தம்கூட வரவில்லை. டீ குடித்தான், மறுபடி வேலை பார்த்தான். மூன்று மணி நேரம் கழித்து விரல் கத்தரிக்காய் மாதிரி வீங்கிக் கருநீலமாகிவிட்டது. பக்கத்து ஊர் கிளினிக்கில் ஒரு டிடி ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, வீட்டுக்குப் போகச் சொல்லிவிட்டார்கள். அவர்களைக் குறை சொல்லி என்ன செய்ய, "முள் குத்தியது" என்றுதானே நாங்களே சொன்னோம். ராத்திரி அவன் வலியில் அழ ஆரம்பித்த பிறகு சேலத்துக்குக் கொண்டுபோனோம். அங்கே இருந்த டாக்டர், "என்ன வேலை பார்க்கிறாய்?" என்று முதலில் கேட்டார். ஹைட்ராலிக் என்ற வார்த்தை காதில் விழுந்ததும் ஆபரேஷன் தியேட்டருக்குப் போன் போட்டார். உள்ளே போன எண்ணெய் விரலோடு நிற்பதில்லை, தசை நாரின் உறை வழியாக உள்ளங்கை வரை ஏறும், ஏறிய இடத்தையெல்லாம் அரிக்கும். விரலைத் திறந்து கழுவி எடுத்தார்கள். விரல் தப்பியது, ஆனால் மடங்காது. இப்போது அவன் திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ரிக் கம்பெனியில் ஸ்டோர் பார்க்கிறான். ஸ்பேனர் பிடிக்க முடியாது.

அதனால் கசிவைத் தேட அட்டைத் துண்டு. பழைய ஃபில்டர் பெட்டியைக் கிழித்தால் ஒன்று கிடைக்கும். அட்டையை ஹோஸுக்குப் பக்கத்தில் நீட்டினால் ஓட்டை இருக்கும் இடத்தில் எண்ணெய்க் கோடு விழும். கையில் குத்திவிட்டால், வலி இருக்கிறதோ இல்லையோ, நேராகக் கை அறுவை சிகிச்சை செய்யக்கூடிய பெரிய ஆஸ்பத்திரி. போனதும் முதல் வாக்கியமாக "பிரஷரில் எண்ணெய் உள்ளே போயிருக்கிறது" என்று சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியத்தை என் பையன்களை மனப்பாடம் செய்ய வைத்திருக்கிறேன்.

இதே சொந்தத்தில் இன்னொன்று, பொக்லைனுக்குச் சக்கரத்துக்குப் பதிலாக இருக்கிற டிராக் செயினை இறுக்குகிற கிரீஸ் சிலிண்டர். செயின் லூஸானால் கிரீஸ் கன்னால் உள்ளே கிரீஸ் அடிப்போம், தளர்த்த வேண்டுமென்றால் வால்வைத் திறப்போம். அந்த வால்வை ஒரு சுற்றுக்கு மேல் திருகக் கூடாது. உள்ளே இருக்கிற அழுத்தத்தில் வால்வே துப்பாக்கிக் குண்டு மாதிரி வெளியே வரும். முகத்தை நேராக வைத்துக் குனிந்து எட்டிப் பார்ப்பதுதான் மனித சுபாவம். பக்கவாட்டில் நின்று, மெதுவாக, கிரீஸ் கசிய ஆரம்பித்ததும் நிறுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். கிரீஸ் வரவில்லை என்றால் வண்டியைக் கொஞ்சம் முன்னும் பின்னும் நகர்த்திப் பார்க்கலாம், வால்வை இன்னும் ஒரு சுற்று திருகுவதற்கு ஆசைப்படக் கூடாது.

ரேடியேட்டரைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வெயிட் போட்ட குக்கரை யாராவது அப்படியே திறப்பார்களா? அந்த மூடியும் அதே வேலைதான் செய்கிறது, உள்ளே அழுத்தத்தை ஏற்றி, 100 டிகிரியைத் தாண்டியும் தண்ணீர் கொதிக்காமல் பார்த்துக்கொள்கிறது. மூடியைத் திறந்த நொடியில் அழுத்தம் போய்விடும், தண்ணீர் சட்டென்று கொதித்து, ஆவியோடு பொங்கி முகத்தில் அடிக்கும். மூடியைக் கையால் தொட முடிகிற அளவுக்கு ஆறிய பிறகு, சாக்கைப் போட்டு, முதல் கட்டம் வரை திருகி, சீறல் நின்ற பிறகு திறக்கலாம். "ஆப்பரேட்டர் சும்மா உட்கார்ந்திருக்கிறானே" என்று ஓனர் பார்க்கிற பார்வைக்காகத் திறந்தவர்களைத்தான் நான் ஆஸ்பத்திரியில் பார்த்திருக்கிறேன்.

பேட்டரியில், கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில். இது எல்லாருக்கும் தெரியும், காரணம்தான் பலருக்குத் தெரியாது. பாசிட்டிவை முதலில் கழற்றும்போது ஸ்பேனரின் மறுமுனை வண்டி பாடியில் பட்டால் முழு ஷார்ட். 24 வோல்ட் ஷாக் அடிக்காது, ஆனால் ஸ்பேனரைப் பழுக்கக் காய்ச்சிவிடும். அதே இடத்தில் கையில் மோதிரமோ செப்புக் காப்போ இருந்தால் யோசித்துக்கொள்ளுங்கள். சார்ஜ் ஆகிற பேட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வரும், காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே ஒரு பொறி போதும் வெடிக்க. இன்னொரு வண்டியிலிருந்து கேபிள் போட்டு ஸ்டார்ட் செய்யும்போது கடைசி நெகட்டிவ் முனையைப் பேட்டரியில் மாட்டாமல், தள்ளி இன்ஜின் பிளாக்கில் மாட்டச் சொல்வது இதனால்தான்.

சரி, ஏசிக்கு வருகிறேன்.

இப்போது பெரும்பாலான வண்டிகளின் ஏசியில் ஓடுவது ஆர்134ஏ என்ற குளிரூட்டும் வாயு. நாங்கள் 134 கேஸ் என்போம். இது சாதாரணக் காற்றழுத்தத்தில் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்து ஆவியாகிவிடும். அப்படியென்றால், திரவமாக உங்கள் கையில் தெறித்தால் கை சூட்டிலேயே அது கொதிக்கிறது, கொதிப்பதற்கு வேண்டிய சூட்டைத் தோலிலிருந்து பிடுங்கிக்கொள்கிறது. தோல் உறைந்து வெள்ளையாகிவிடும், தீக்காயம் மாதிரிக் கொப்புளம் வரும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். கண்ணாடி போட்டுக்கொள் என்று பையன்களிடம் சொன்னால், "வேர்க்குதுங்ண்ணா" என்று கழற்றி நெற்றியில் ஏற்றிக்கொள்கிறார்கள். நெற்றிக்கு ஏன் பாதுகாப்பு என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. பட்டுவிட்டால் தேய்க்கக் கூடாது, கொதிக்கிற தண்ணீரும் ஊற்றக் கூடாது. சாதாரணத் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிக்கொண்டே இருந்துவிட்டு டாக்டரிடம் போக வேண்டும்.

வண்டி ஓடாமல் நிற்கும்போதும் ஏசி லைனில் பிரஷர் இருக்கும் என்பதை இன்ஜின் மெக்கானிக்குகள் மறந்துவிடுகிறார்கள். 35 டிகிரி வெயிலில் சும்மா நிற்கிற வண்டியின் 134 லைனில் சுமார் 115 பிஎஸ்ஐ, அதாவது முன்னால் சொன்ன கணக்கில் 8 கிலோ அழுத்தம், இருக்கும், பானட்டுக்குள் இன்னும் சூடு என்றால் இன்னும் அதிகம். இன்ஜினை இறக்க வேண்டும், ஏசி கம்ப்ரசர் குறுக்கே இருக்கிறது, இரண்டு போல்ட்தானே என்று ஹோஸ் நட்டை ஸ்பேனர் போட்டு ஒரே திருகில் கழற்றுகிறவர்களை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். புஸ்ஸென்று கேஸும் ஆயிலும் முகத்தில். பெரும்பாலான வண்டிகளில் கம்ப்ரசரை ஹோஸோடேயே கழற்றி ஓரமாகக் கட்டி வைத்துவிட்டு இன்ஜினை இறக்கிவிடலாம். லைனைத் திறந்துதான் ஆக வேண்டும் என்றால் ரெகவரி மெஷின் போட்டுக் கேஸை சிலிண்டரில் இழுத்துக்கொள்ள வேண்டும்.

"காற்றில் விட்டால் என்ன, கண்ணுக்கா தெரியப் போகிறது" என்பார்கள். ஒரு கிலோ 134 கேஸ், நூறு வருடக் கணக்கில், 1,430 கிலோ கார்பன் டை ஆக்சைடு அளவுக்குப் பூமியைச் சூடாக்கும். ஒரு லிட்டர் டீசல் எரிந்தால் சுமார் 2.7 கிலோ வருகிறது. கணக்குப் போட்டால், ஒரு பொக்லைன் ஏசியில் இருக்கிற ஒரு கிலோ கேஸைத் திறந்துவிடுவது ஏறக்குறைய 530 லிட்டர் டீசலை வீணாக எரித்ததற்குச் சமம். இந்த வகை வாயுக்களைப் படிப்படியாகக் குறைக்க 2016-இல் கிகாலியில் ஒப்பந்தம் போட்டார்கள், இந்தியா 2021-இல் அதை ஏற்றுக்கொண்டது. ஓனரிடம் பூமி சூடாகிறது என்றால் சிரிப்பார், 530 லிட்டர் டீசல் என்றால் ஒரு நிமிடம் யோசிப்பார்.

ஆனால் பட்டறையில் எனக்குப் பெரிய பயம் பூமியைப் பற்றியது அல்ல, வண்டிக்கு அடியில் நின்று வேலை பார்க்கத் தோண்டி வைத்திருக்கிற குழியைப் பற்றியது. 134 கேஸ் காற்றைவிட ஏறக்குறைய மூன்றரை மடங்கு கனம். நிறமில்லை, வாசமும் கிட்டத்தட்ட இல்லை. கசிந்தால் மேலே போகாது, தண்ணீர் மாதிரிப் பள்ளத்தில் போய் நிற்கும். ஒரு கிலோ கேஸ் விரிந்தால் சுமார் 235 லிட்டர் இடம் பிடிக்கும். கடையில் வாங்குகிற 13.6 கிலோ சிலிண்டர் முழுதும் கசிந்தால் 3,200 லிட்டர். எங்கள் பட்டறைக் குழி ஐந்து மீட்டர் நீளம், ஒரு மீட்டர் அகலம், ஒன்றேகால் மீட்டருக்குக் கொஞ்சம் குறைவான ஆழம், ஆறாயிரம் லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதிக்கு மேல் நிரம்பிவிடும். மல்லாந்து படுத்து வேலை பார்க்கிறவனுக்கு ஆக்சிஜன் கிடையாது. மூச்சு முட்டுகிற உணர்வுகூடச் சரியாக வராமல் மயங்கிவிடுவான். அவனைத் தூக்க இறங்குகிறவனும் விழுவான். விஷவாயுக் கிணற்றில் அடுத்தடுத்து இறங்கிச் சாகிற செய்தியைப் பேப்பரில் படிக்கிறோம் இல்லையா, அதே கதைதான். அதனால் கேஸ் சிலிண்டர் குழிக்குப் பக்கத்தில் வரக் கூடாது, கேஸ் வேலை வெட்டவெளியில்தான். குழி விளக்குக்கும் ஒரு விஷயம்: அடைபட்ட இடங்களில் 24 வோல்ட்டுக்கு மேற்பட்ட கைவிளக்கு கூடாது என்று அதே தொழிற்சாலைகள் சட்டத்தில் இருந்தது. வண்டி பேட்டரியே 24 வோல்ட்தான், அதிலிருந்தே விளக்குப் போட்டுக்கொள்ளலாம். ஆனால் எல்லாப் பட்டறைகளிலும் 230 வோல்ட் ஹோல்டர்தான் ஒயர் கிழிந்து தொங்குகிறது.

அடுத்தது நெருப்பு. எனக்குத் தொழில் சொல்லிக் கொடுத்த மேஸ்திரி 134-க்கு முன்னால் ஏசியில் ஓடிய ஆர்12 கேஸ் காலத்து ஆள். கசிவு பார்க்க ஒரு சின்ன விளக்கு வைத்திருப்பார். தீயின் பக்கத்தில் கேஸ் வந்தால் சுடர் பச்சையாகும். எங்களுக்கு அது வேடிக்கை, தீபாவளி மாதிரி. குளோரின் இருக்கிற கேஸ் தீயில் பட்டால் பாஸ்ஜீன் என்ற விஷவாயு கொஞ்சம் உண்டாகும் என்பதும், முதல் உலகப் போரில் படைகள் ஒன்றின் மேல் ஒன்று வீசிய வாயு அது என்பதும் அவருக்கும் தெரியாது, எங்களுக்கும் தெரியாது. இந்தியாவில் ஆர்12 மாதிரியான சிஎஃப்சி வாயுக்களின் உற்பத்தி 2008-இல் நின்றது. 134-இல் குளோரின் இல்லை, அதனால் பாஸ்ஜீன் வராது. ஆனால் தீயில் பட்டால் ஹைட்ரஜன் புளோரைடு வரும், அது ஒன்றும் நல்ல சாமி கிடையாது. ஈரத்தோடு சேர்ந்தால் கண்ணாடியையே அரிக்கிற அமிலம். ஏசி லைனுக்குப் பக்கத்தில் கேஸ் வெல்டிங் அடிக்கும்போதும், கேஸ் கசிகிற இடத்தில் பீடி பிடிக்கும்போதும் நடப்பது இதுதான். பீடி கங்கு வழியாக இழுத்தால் நேராக நுரையீரலுக்கு.

இந்த அமிலம் இன்னொரு இடத்திலும் ஒளிந்திருக்கிறது. தீப்பிடித்து எரிந்த வண்டியைப் பார்க்கக் கூப்பிடுவார்கள். சூடு தாங்குகிற சில ஓரிங், ஆயில் சீல்களை விட்டான் என்ற ஒரு வகை ரப்பரில் செய்கிறார்கள். அது 300 டிகிரிக்கு மேல் எரிந்தால் கருகிப் பிசுபிசுப்பாகிவிடும், அந்தப் பிசுபிசுப்பில் ஹைட்ரோபுளோரிக் அமிலம் இருக்கலாம். தோலில் பட்டதும் எரியாது, அதுதான் அதன் துரோகம். சில மணி நேரம் கழித்து உள்ளே எலும்பு வரை போய் வலிக்க ஆரம்பிக்கும். வண்டியோடு வரும் புத்தகத்திலேயே இந்த எச்சரிக்கை இருக்கிறது, யார் படிக்கிறார்கள். எரிந்த வண்டியை வெறுங்கையால் தொடாதீர்கள், கனமான ரப்பர் கையுறை போட்டுக்கொள்ளுங்கள். பட்டுவிட்டால் நிறையத் தண்ணீரில் கழுவிக்கொண்டே ஆஸ்பத்திரிக்குப் போய் கால்சியம் குளூகோனேட் ஜெல் வேண்டும் என்று கேளுங்கள்.

கசிவு பார்க்க என்ன செய்வது? சிலர் ஏர் கம்ப்ரசர் காற்றை ஏற்றுகிறார்கள். 134 கேஸ் சாதாரணமாக எரியாது, ஆனால் நிறையக் காற்றோடு கலந்து அழுத்தத்தில் இருந்தால் எரியக்கூடியதாகிவிடும். இன்னும் சிலர் வெல்டிங்குக்கு வைத்திருக்கிற ஆக்சிஜன் சிலிண்டரையே மாட்டுகிறார்கள். கம்ப்ரசருக்குள் எண்ணெய் இருக்கிறது. அழுத்தமான ஆக்சிஜனும் எண்ணெயும் சந்தித்தால் தீப்பெட்டியே வேண்டாம், தானாக வெடிக்கும். அழுத்தம் ஏற்றிப் பார்க்கக் காய்ந்த நைட்ரஜன் ஒன்றுதான் வழி, அதுவும் ரெகுலேட்டர் போட்டு. சிலிண்டரில் 150 கிலோ இருக்கும், நேராகத் திறந்தால் கூலிங் காயில் கிழிந்துவிடும். நான் 150 பிஎஸ்ஐயைத் தாண்டுவதில்லை. கிலோவையும் பிஎஸ்ஐயையும் குழப்பிக்கொண்டவர்களும் உண்டு, 150 கிலோ என்பது இரண்டாயிரம் பிஎஸ்ஐக்கு மேல்.

கேஸ் ஏற்றும்போது, இன்ஜின் ஓடுகையில் சிவப்புக் கேஜின், அதாவது அழுத்தம் அதிகமான பக்கத்தின், குமிழைத் திறக்கவே கூடாது. அந்தப் பக்கம் இருக்கிற 200 பிஎஸ்ஐக்கு மேற்பட்ட அழுத்தம் திரும்பி சிலிண்டருக்குள் போகும், சின்ன டப்பா என்றால் கையிலேயே வெடிக்கும். அழுத்தம் குறைந்த நீலப் பக்கம் வழியாக, மெதுவாக, ஆவியாகத்தான் ஏற்ற வேண்டும். சீக்கிரம் ஏற வேண்டும் என்று டப்பாவைத் தலைகீழாகப் பிடிப்பதையும், அடுப்பில் காய்ச்சிய தண்ணீரில் வைப்பதையும், ஏன், ஒரு தடவை சைலன்சர் மேலேயே சாய்த்து வைத்திருந்ததையும் பார்த்தேன். வண்டிக்குள் என்ன கேஸ் இருக்கிறது என்று தெரியாமல் கை வைப்பதும் கூடாது. மலிவு என்று யாராவது சமையல் கேஸ் கலந்த ஏதோ ஒன்றை ஏற்றியிருந்தால், கேபினுக்குள் கூலிங் காயில் கசிகிற நாளில், ஆப்பரேட்டர் பீடி பற்ற வைத்தால் போதும்.

மற்ற சின்ன விஷயங்களை ஓட்டமாகச் சொல்லிவிடுகிறேன். ஹீட்டர் பிளக் இருக்கிற இன்ஜினில், சீக்கிரம் ஸ்டார்ட் ஆகட்டும் என்று ஈதர் ஸ்பிரே அடிக்காதீர்கள், இன்டேக்கே வெடிக்கும். மூடிய ஷெட்டில் இன்ஜினை ஓடவிடாதீர்கள். டீசல் புகையைப் புற்றுநோய் உண்டாக்குவது உறுதி என்ற பட்டியலில் உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-இல் சேர்த்துவிட்டது. வேலை முடிந்து டீசலில் கை கழுவுவது, நானே பதினைந்து வருடம் செய்தது, தோலில் இருக்கிற எண்ணெய்ப் பசையை எல்லாம் எடுத்துவிட்டு அழுக்கு ஆயில் உள்ளே போக வழி செய்து கொடுக்கிறது. இப்போது தவிட்டில் தேய்த்து, சோப்புப் போட்டுக் கழுவுகிறேன். அம்மா சின்ன வயதில் சொன்னதுதான், அப்போது கேட்கவில்லை.

இதெல்லாம் தெரியாமலா விபத்து நடக்கிறது என்றால், பாதி தெரியாமல், பாதி அவசரத்தில். வண்டிக்கு மணிக்கு இவ்வளவு என்று வாடகை. நிற்கிற ஒவ்வொரு மணி நேரமும் ஓனருக்கு இ.எம்.ஐ. நினைவுக்கு வரும். அவர் கெட்டவர் இல்லை, கடன்காரர். அவர் முகத்தைப் பார்த்து நாம் பத்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறோம், அந்தப் பத்து நிமிடம்தான் ஆற வேண்டிய ரேடியேட்டரின் நேரம், இறங்க வேண்டிய பிரஷரின் நேரம்.

போன மாதம் ஒரு கிரஷரில் வேலை. என் விரலை நசுக்க வைத்த அதே ஏசிக்காரர்தான் வந்திருந்தார். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு ஆஸ்பத்திரியில் என்னைப் பார்க்க ஆரஞ்சுப் பழத்தோடு வந்து, அழுது, அப்படியே கூட்டாளி ஆகிவிட்டார். நான் டீக்கடைக்குப் போகும்போது சாவியை என் பையனிடம் கொடுத்துவிட்டுப் போனேன். பத்தொன்பது வயது, சேர்ந்து மூன்று மாதம். டீ பாதி குடிக்கும்போது ஓனர் போன் பண்ணினார்.

"ஏப்பா, உன் பையன் சாவியக் குடுக்க மாட்டேங்கறான். ரெண்டு நிமிஷம் வண்டிய நகுத்தி வெச்சுக்கறேன்னா கேக்கறானா?"

"அவன்கிட்ட போனைக் குடுங்க" என்றேன்.

"அண்ணா, ஏசி அண்ணன் பின்னால கண்டென்சர்ல கை வெச்சிருக்காருங்ண்ணா. அவரு வெளிய வரட்டும், அப்புறம் தரேன்னுதான் சொன்னேன்" என்றான். குரல் நடுங்கியது. ஓனர் பக்கத்தில் நின்று முறைத்துக்கொண்டிருந்திருப்பார்.

நான் பதில் சொல்வதற்குள் தூரத்தில், வண்டிக்குப் பின்னாலிருந்து, ஏசிக்காரரின் குரல் போனிலேயே கேட்டது: "குடுத்துறாதடா தம்பி!"